பதினொன்றாம் பெட்டியின் வீடுகள்

கட்டுப்பாட்டு அறையின் சுவர் முழுக்கப் பதினாறு திரைகள். பின்னால் பதினாறு கணினிப் பெட்டிகள். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊர் எப்படி மூழ்கும் என்று ஆளுக்கொரு துண்டாக அவை படம் வரையும். பதினாறும் வரைந்து முடித்தால்தான் படம் நகரும்; ஒன்று பிந்தினால் மற்றவை காத்திருக்கும். இல்லாவிட்டால் ஒரு திரையில் வெள்ளம் புகுந்திருக்கும், ஒட்டியிருக்கும் அடுத்த திரையில் தரை காய்ந்து கிடக்கும்.

பதினொன்றாம் பெட்டிதான் எப்போதும் பிந்தும். அதனால் சுவர் மொத்தமும் திக்கித் திணறும்.

"பத்து மணிக்கு வெள்ளத் தடுப்பு வாரியத் தலைவர் வர்றார். இப்படி இழுத்துக்கிட்டு நின்னா மானம் போயிடும்" என்றார் மேலாளர். இந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் பொறியாளருக்கு அவர் அக்காள் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அலுவலகத்தில் அவள் அவரை 'சார்' என்பாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் 'அத்தான்'.

"பெட்டி மேல தப்பில்ல சார். அதோட துண்டுல ஒன்பதாயிரம் வீடு. ஒவ்வொரு கூரையா வரையுது."

"அதைத்தான் சொல்றேன். வீடுகளை எடுத்துட்டுப் பச்சையா ஒரு திடல் மாதிரி போட்டுடு. ஓடும்ல?"

ஓடும். பிய்த்துக்கொண்டு ஓடும். ஆனால் தலைவர் வருவதே வெள்ளத்தை எந்த வழியாகத் திருப்பிவிடலாம் என்று இந்தச் சுவரைப் பார்த்து முடிவுசெய்யத்தான். இன்று காட்டப்போகும் வழி பதினொன்றாம் துண்டுக்குள்தான் போகிறது; அங்கே பச்சைத் திடலைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"மாட்டேன் அத்தான்."

"அரை மணி நேரக் கூத்துக்கு எதுக்கு இவ்வளவு வீம்பு?"

"அந்த அரை மணி நேரத்துலதான் ஒன்பதாயிரம் வீடு போகப்போகுது."

தலைவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளம் சுவரில் இறங்கியது. நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. தலைவர் முகம் சுளித்தார்.

"ஏன் இப்படி நொண்டுது?"

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அங்க வீடு அதிகம் சார். கிட்ட வந்து பாருங்க."

வேண்டா வெறுப்பாக எழுந்து போனார். படம் நகர்ந்தது, ஒரு வரிசைக் கூரைகளைக் காணோம். நின்றது. மறுபடி நகர்ந்தது, அடுத்த வரிசையும் போனது. சரசரவென்று ஓடியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நின்று நின்று போனதில் ஒவ்வொரு கூரையையும் எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்தது.

"நிறுத்துங்க" என்றார் தலைவர். "இது வேண்டாம். வேற வழி பாருங்க."

அவர் தலை மறைந்ததும் மேலாளர் வெடித்தார். "நாளையிலிருந்து நீ இந்தப் பக்கமே வராதே! உன் அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"தாராளமா சொல்லுங்க. ஆனா நான் வருவேன் அத்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க பார்க்கப்போற அடுத்த வழியிலயும் வீடு இருக்கும். அதையும் நான்தான் வரைவேன்."