ஐஸ்கட்டிப் பாடம்

என் தொழிலில் முதல் விதி, எதிரே இருப்பவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "இவர் பயப்படுகிறாராம்" என்று சொல்லக் கூடாது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். நாடு விட்டு வந்து அடைக்கலம் கேட்பவர்களை விசாரிக்கும் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து, நான் படகில் வந்திருக்கிறேன், ஜெயிலில் அடி வாங்கியிருக்கிறேன், இரண்டு பெண்டாட்டி கட்டி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கே தாகம் எடுத்தால் "மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கிறார்" என்று மூன்றாம் மனுஷி மாதிரி சொல்ல வேண்டும். அந்த அறையில் நான் சொன்ன எந்த 'நானு'ம் நானில்லை.

இரண்டாவது விதி, கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூன்றாவது விதி நானாகப் போட்டுக்கொண்டது. எவரையும் நம்பக் கூடாது.

என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். கொஞ்ச காலமாக, சனிக்கிழமை சாயங்காலமானால் மனிதர் பழைய ஃபிளாஸ்க் நிறைய ஐஸ்கட்டி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அதன் மூடியை நான் என்றைக்கோ தொலைத்துவிட்டேன். அதனால் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, என் பச்சை ரவிக்கையின் கிழிசல் துணியால் கட்டி எடுத்துப் போவார். கேட்டால், "சர்ச் புள்ளைங்களுக்கு ஜூஸ் போடத்தான்" என்பார். பென்ஷன் வாங்கும் வயதில் ஐஸோடு வெளியே போகிற ஆண்பிள்ளை ஜூஸா குடிப்பார்? திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வேன். ஒரு வாடையும் வராது. அதுவே என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அன்றைக்கு விசாரணைக்கு வந்தவர் ஒரு சலூன்காரர். கிறிஸ்தவராகிவிட்டாராம். ஊருக்குத் திரும்பினால் கூடப் பிறந்த அண்ணன்களே வெட்டிப் போட்டுவிடுவார்களாம். இந்த 'ஆம்' எல்லாம் என் மனசுக்குள் சேர்த்துக்கொண்டது. வாய் திறந்து, "என் அண்ணன்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள்" என்று ஒழுங்காகத்தான் சொன்னேன். வெளியே நடையில் அவர் மனைவி, மடியில் கைக்குழந்தையோடு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி பென்சில் கடிக்கும் பெண்மணி. சந்தேகத்தில் எனக்கே அக்கா. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். ஞானஸ்நானம் எப்போது, எந்த சர்ச் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தனக்குப் பிடித்த கேள்விக்கு வந்தார்.

"உங்க நம்பிக்கையில திரித்துவம்னா என்ன?"

நான் சர்ச்சில் வேதபாடம் நடத்திய உபதேசியாரின் மகள். பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவி கடவுள். ஆனாலும் மூன்று கடவுள் இல்லை, ஒரே கடவுள்தான். ஆனாலும் ஒருவர் மற்றவர் இல்லை. அப்பா இதற்கு உதாரணமே சொல்ல விடமாட்டார். சொல்லப் போனால் ஒன்று மூன்றாக உடைந்துவிடும், இல்லாவிட்டால் மூன்றும் ஒரே ஆள் போட்ட வேஷமாகிவிடும் என்பார். "வெளக்காதே, கும்பிடு." அவ்வளவுதான் அவர் பாடம்.

சலூன்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "தண்ணி இருக்குல்லங்க? அதுவே குளுந்தா ஐஸு. கொதிச்சா ஆவி. மூணும் ஒண்ணுதான்."

வந்துவிட்டதா ஐஸ், என்று நினைத்துக்கொண்டேன். சமீபத்தில் வந்த ஆள்களில் பாதிப் பேர் இதே ஐஸைத்தான் கொண்டுவந்தார்கள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து வருவதற்கும் கடவுளின் ஆவிக்கும் தமிழில் ஒரே பெயர் என்பதால் கேட்க ஜோராக இருக்கும். அதிகாரியின் மொழியில் அது இரண்டு தனி வார்த்தை. நான் சொல்லி முடிக்கும்போது ஜோரெல்லாம் போய் வெறும் சமையலறைச் சமாசாரமாகிவிடும். எவனோ ஒருத்தன் லாட்ஜில் உட்கார்ந்து இவர்களுக்கெல்லாம் பாடம் ஒப்பிக்கக் கற்றுக் கொடுக்கிறான் என்று எனக்கு எப்போதோ மூக்கில் வியர்த்திருந்தது. இதே ஐஸோடு வந்த ஒரு தையல்காரரின் மனு போன மாதம்தான் தள்ளுபடியானது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எனக்கு உள்ளூரத் திருப்திகூட.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "ஐஸ் உருகினா ஐஸ் இருக்காதே. அப்போ இயேசு பூமியில இருந்தப்ப மேல பிதா இல்லையா?"

சலூன்காரர் விழித்தார். "அப்படி இல்லீங்க. அவரு ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணினாரே, அப்பான்னு. ஆளில்லாத வீட்டுல போயா கூப்பிடுவாரு?" பிறகு கைகளைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"மத்தவங்களும் இதே பதிலைத்தான் சொன்னாங்க, ஒரு எழுத்து மாறாம. இது மனப்பாடம். யார் சொல்லிக் கொடுத்தது?"

இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டபோது என் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருக்கும். குட்டு வெளிப்படப் போகிறதே.

"பேரு தெரியாதுக்கா. லாண்டரிக்கு மேல ஒரு ரூம்ல சனிக்கிழமை கூட்டம் நடக்கும். அங்க ஒரு ஐயா வருவாரு. ஐஸ் ஐயான்னுதான் கூப்பிடுவோம். கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு, ஐஸைக் கையில கொடுத்துக் காட்டுவாரு. ஃபிளாஸ்க்குல கொண்டாருவாரு. அதுக்கு மூடிகூட கெடையாது. டம்ளரைக் கவுத்து ஏதோ பச்சைத் துணியில கட்டியிருப்பாரு."

நான் மொழிபெயர்த்தேன். மூடி என்ற வார்த்தை வரைக்கும் சரியாக வந்தது. பச்சைத் துணியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். "எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சுங்க, ஐஸ் உருகிட்டா என்ன ஆகும்னு. ஐயாகிட்ட கேட்டேன். அவரு சிரிச்சாரு. 'எனக்கும் தெரியாது தம்பி. ஆனா மூணு பேரையும் கூப்பிடாம எனக்குத் தூக்கம் வராது'ன்னாரு. போன மாசம் இங்க மனு தள்ளுபடியான ஒரு தையல்காரரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு."

தினமும் என் பக்கத்துத் தலையணையில், விளக்கை அணைத்ததும், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அந்த மனிதர் திரும்பிப் படுப்பார். நான் ஊதச் சொன்ன வாய் அதுதான். லாண்டரிக்கு மேலே போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "அதுங்க எல்லாம் விசா பேப்பருக்காக முக்காடு போட்டு வர்ற கூட்டம், ஏமாந்து போகாதீங்க" என்றிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் கோபமாகவும் இருந்தது. உபதேசியார் மருமகன், போயும் போயும் ஐஸ்கட்டியையா பிடித்தார்?

அதிகாரி எழுத ஆரம்பித்தார். தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குத் தெரியும் அந்த வாக்கியம். 'பயிற்சி அளிக்கப்பட்ட பதில்.' தையல்காரருக்கும் அதைத்தான் எழுதினார்.

சலூன்காரர் மெய்யான விசுவாசிதானா? எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். அவர் மனசுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் ஐஸ் எங்கள் வீட்டு ஐஸ். ஃபிரிட்ஜ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தவளே நான்தான். ஒரே பாடத்தை ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதைத் திருட்டு என்று எழுதப் போகிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஆள் இந்த அறையில் ஒருத்திதான். வாயைத் திறந்தால் இந்த வேலை போகும், தெரிந்தவர் சம்பந்தப்பட்ட வழக்கில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். திறக்காவிட்டால் நடையில் இருக்கும் அந்தக் குழந்தை அப்பாவோடு பெரியப்பன்களின் அரிவாளுக்குப் போகும்.

"மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட அனுமதி கேட்கிறார்" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "சொல்லுங்க."

மேலே எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 'மொழிபெயர்ப்பாளரின் கணவர்' என்று ஆரம்பித்தேன். அது எவளோ ஒருத்தியின் புருஷன் மாதிரி கேட்டது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"நான் அந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்திருக்கிறேன். அது என்னுடையது. பச்சைத் துணி என் ரவிக்கை. அந்த ஐயா என் கணவர். அவர் பதில் விற்பவர் இல்லை, பாடம் நடத்தத் தெரியாதவர், அவ்வளவுதான். இவர்களுக்கு அந்த ஐஸ் அந்த அறையில் கிடைத்தது. தையல்காரருக்கும் அங்கேதான் கிடைத்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அதிகாரியின் பென்சில் வாய்வரை போய் நின்றது. மேஜைமேல் ஒலிப்பதிவுப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சலூன்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய் திறக்காமலே நான் இவ்வளவு நேரம் அதிகாரியின் மொழியில் 'நான், நான்' என்று பேசியதில் அவர் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா," என்றார் மெதுவாக, "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலை தம்பி" என்றேன். "இப்ப பேசினது நான்."