சித்திக்காவின் நாற்பத்தோராவது பதிவு

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் நிரப்பிக்கொண்டிருந்தோம். பழைய பங்களிப்பாளர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பட்டியலில் சித்திக்கா, காரைக்கால் என்ற பெயருக்கு எதிரே நாற்பத்தொரு பதிவுகள். கடைசிப் பதிவு 2014 ஆகஸ்டில். அதன்பின் ஒன்றுமில்லை.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கடற்காற்றில் அவள் கூந்தல் ..." வேண்டாம். அப்போது அவளை நான் பார்த்ததேயில்லை.

2

சித்திக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வேலை முடிந்ததும், அண்ணன் ஜவஹர் அலி குவைத்திலிருந்து அனுப்பிய கைபேசியோடு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள். வரைபடத்தில் காரைக்கால் அன்று ஒரு நெடுஞ்சாலைக் கோடுதான். சுரக்குடிக் குளம், போலகம் பேருந்து நிறுத்தம், ஒரு ரேஷன் கடை, ஓர் அடிபம்பு என்று ஒவ்வொன்றாக முளைத்தன. திருச்சியில் காலையில் கணினியைத் திறப்பேன். நேற்றுவரை வெள்ளையாகக் கிடந்த இடத்தில் ஒரு தெரு இருக்கும். அந்தச் சந்தோஷம் பிறகு எனக்கு எதிலும் கிடைக்கவில்லை.

(இதை அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.)

3

கிளிஞ்சல்மேட்டில் பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்த கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"இந்த எடத்துக்கு என்ன பேருக்கா?"

"கொட்டாய்க்குப் பேரா?" என்று அவர்களில் ஒருத்தியான காசியம்மா சிரித்தாள். "சுனாமிக்கு அப்புறம் நாங்க பொம்பளைங்களா சேந்து போட்டது புள்ள. கவுருமெண்டு போட்டதில்ல."

'காசியம்மா கொட்டகை' என்று பதிந்தாள். மறுநாள் அது இல்லை. அழித்தவர் விட்ட குறிப்பு மட்டும் இருந்தது: 'ஆதாரமில்லை. விதிகளைப் படிக்கவும், தம்பி.' படத்தோடு மீண்டும் பதிந்தாள்; அதுதான் நாற்பத்தோராவது. மீண்டும் அழிந்தது. 'நான் தம்பி இல்லை, பெண்' என்று எங்கள் உரையாடல் பக்கத்தில் எழுதினாள். அதன்பிறகு கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் அவளுடைய புகைப்படம் கேட்டார். இன்னொருவர் மீன் வாடையை வைத்து ஒரு நகைச்சுவை எழுதினார். பதினான்கு பேர் சிரித்தார்கள்.

அழித்தவர் ஒரு மூத்த பங்களிப்பாளர். [நான்கு வரைவுகளில் இந்த வாக்கியத்தை இப்படியே விட்டிருந்தேன்.]

அழித்தவன் நான். இரண்டு முறையும். அந்தப் பதினான்கு பேரில் நான் இல்லை. ஆனால் நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை.

4

போன மாதம் வரைவை எடுத்துக்கொண்டு காரைக்கால் போனேன். சித்திக்கா இப்போது சொந்தமாகப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். (நேரில் பார்த்தபின் 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.) மன்னிப்புக் கேட்டேன். வரைவை வாங்கி முழுதும் படித்தார்.

"'மனமுடைந்து அழுதாள்'னு போட்டிருக்கீங்க. நான் அழுவலயே சார்."

"கோபமா?"

"அதுவும் இல்ல. வண்டியில போறப்ப ஒவ்வொரு எடத்தையும் பாத்து, இதப் போட்டா என்ன கேப்பாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் பாக்குறதையே விட்டுட்டேன். ஆனா அந்த ஒரு வருசம் நல்லா இருந்திச்சு சார். பொறந்த ஊரே புதுசாத் தெரிஞ்சிச்சு."

அழுத வாக்கியத்தை அங்கேயே அடித்தேன்.

"கொட்டகையை நானே திரும்பப் போட்டுவிடட்டுமா?"

"இப்ப அங்க கொட்டாய் இல்ல. காசியம்மாவும் மவ வீட்டுக்குப் போயிட்டாங்க."

"முன்பு இருந்த இடம் என்று குறிக்கலாமே?"

"நீங்க போடாதீங்க சார். போடணும்னா நான் போடுவேன்." வரைவைத் திருப்பிக் கொடுத்தார். "போடுவேன்னு சொல்லல."

5

மலர்க்குழு கேட்ட முடிவு: சித்திக்கா பழைய கணக்கைத் திறக்கிறார், நாற்பத்திரண்டாவது பதிவு ... எழுதினேன், அடித்தேன். அவர் திரும்பவே வரவில்லை என்றும் எழுதினேன். அதையும் அடித்தேன். அவருக்காக இதில் எந்த முடிவை நான் எழுதினாலும், அது மூன்றாவது முறை அழிப்பதுதான்.

காரைக்கால் பக்கம் போனால் நீங்களே அவரிடம் கேளுங்கள். சொன்னால், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.