கழுத்துச் சாவி

"கேட்டத் தொற அக்கா, வண்டி கீழ வந்துருச்சு," என்றான் தம்பி ரஃபீக்.

ஷபானாவின் கழுத்தில் சாவி கோத்த கயிறு அவிழவில்லை. நாலு வருஷமாகக் குளிக்கும்போதுகூட அவிழ்க்காத முடிச்சு. ஆட்கள் வந்தபின்னும் பழக்கத்தில் கேட்டைப் பூட்டியிருந்தாள். அப்படியே குனிந்து, கயிற்றோடு சாவியை நுழைத்துத் திறந்தாள். ஆண்கள் அத்தாவின் ஜனாஸாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்கள்.

அத்தா இஸ்மாயில் தீயணைப்பு வீரர். அந்தக் காலத்தில் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி. அடித்தால் சோற்றில் வைத்த கையோடு ஓட வேண்டும். அங்கே யாரும் கதவைப் பூட்டியதில்லை. இப்போது அந்த வீடுகளில் காபிக் கடையும் பல் மருத்துவரும். ஞாபகம் கலங்கிய பிறகு, எந்த மணி கேட்டாலும் மனுஷர் இந்த மார்சிலிங் அடுக்குமாடி வீட்டிலிருந்து அங்கே ஓடினார். மூன்று முறை போலீஸ் கொண்டுவந்து விட்டது. அப்புறம்தான் பூட்டு. பூட்டினால் அடி. ஷபானாவின் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது.

கூட்டம் கலைந்தபின் கமலம் மட்டும் இருந்தாள். அந்த வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி; அவள் புருஷனும் அதே வேலைதான். அடுப்படிக்குப் போனவள் காபிக் கறை காய்ந்த கோப்பையோடு வந்தாள்.

"அத்தா பள்ளிக்கூட மணிக்கு எந்திரிக்கல, ஒடனே போன் போட்டேன்னு எல்லார்ட்டயும் சொன்ன. அந்த மணி அடிக்கறது ஏழரைக்கு. உந்தம்பி எட்டேகாலுக்குத்தான் போன் வந்துச்சுங்கறான்."

ஷபானா கோப்பையைப் பார்த்தாள்.

"தொட்டுப் பாத்தேன் ஆன்ட்டி. சில்லுன்னு இருந்துச்சு. ஒரு காபி போட்டு, உக்காந்து, சூடா முழுசா குடிச்சேன். அப்புறந்தான் கூப்ட்டேன்." குரல் இறங்கியது. "பெத்த அப்பன்."

கமலம் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"உங்க அங்கிள் போனப்ப நான் ரெண்டு தோசை ஊத்தித் தின்னுட்டுத்தான் எம்மவன கூப்ட்டேன். சட்னி வேற அரைச்சேன் லா."

ஷபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் இல்லாத இடத்தை மறைக்கக் கை மேலே போய், பாதியில் நின்றது.

கமலம் கத்திரிக்கோலை எடுத்து அவள் கழுத்துக் கயிற்றை வெட்டினாள். "படு. நான் கெளம்பறேன். கேட்டச் சாத்திப் பூட்டிட்டுப் போகவா?"

"கெடக்கட்டும் ஆன்ட்டி."

கூடத்து மெத்தையில் படுத்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கீழே ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியை ஆட்டினார். ஷபானாவின் ஒரு கால் தானாகத் தரையில் இறங்கியது. கேட் விரியத் திறந்து கிடந்தது.

காலை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.