காஜாக்காரியின் காசித்தும்பை

தையல் கம்பெனியின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய் ஓரமாக, நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண் தரை இருந்தது. பெண்கள் மத்தியானம் கால் நீட்டிச் சாப்பிட அந்த ஓர் இடம்தான். மற்ற இடமெல்லாம் மெஷின், துணிக்கட்டு, சூப்பர்வைசரின் கண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அந்த மனிதருக்குப் பெயரே விசில்.

அந்த மண்ணில் காசித்தும்பை வைத்தவள் காஜாக்காரி. சட்டைக்குப் பொத்தான் துளை எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கண் பூத்துப்போகும். சோறு தின்கிற நேரத்திலாவது ரோஸ், ஊதா, சிவப்பு என்று ஏதாவது கண்ணில் படட்டுமே என்று விதை போட்டாள். குழாயில் சிந்துகிற தண்ணீரைக் குடித்தே செடிகள் தண்டு தெரியாமல் பூத்துத் தள்ளின.

விசிலுக்குச் சுத்தம்தான் உயிர். அவர் கணக்கில் செடி குப்பை, பெண்கள் உட்கார்ந்து சிரிப்பது அதைவிடப் பெரிய குப்பை.

"இங்க பழைய மெஷினை அடுக்கப் போறோம். வெச்சவளே பிடுங்கிப் போடு."

"மாட்டேன் சார்."

அதே லைனில் தைக்கிற நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். "அண்ணி, வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க. செடிதானே?"

"செடி மட்டுமா? நாம உக்கார்ற எடம். வேணும்னா அவரே பிடுங்கட்டும். என் கையால நடக்காது."

விசிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தானே பிடுங்கி, கட்டாக அள்ளிக்கொண்டு, தன் அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் குப்பைத் தொட்டிக்குப் போனார். தொட்டிக்குள் மண் விழக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதனால் ஒவ்வொரு செடியையும் சுவரோரம் நின்று உதறு உதறென்று உதறினார். காய்கள் முற்றியிருந்தன. காசித்தும்பைக் காய் முற்றினால் விரல் பட்டாலே வெடிக்கும். இவரோ பேயாட்டம் ஆடினார். படபடவென்று வெடித்து விதை சிதறியது. ஒன்று அவர் காதிலேயே அடித்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

சிரிப்பு அன்றோடு சரி. மண் தரையில் துருப்பிடித்த மெஷின்கள் ஏறின. காஜாக்காரியை நூல் வெட்டுகிற மேஜைக்கு மாற்றினார். அங்கே நின்றுகொண்டேதான் வேலை. பெண்கள் மெஷின் சந்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். காஜாக்காரி அழவில்லை. அழுதால் விசிலுக்கு விருந்து வைத்த மாதிரி.

மழை வந்தது. தொட்டிக்குப் பின்னால் கல் சந்தெல்லாம் பச்சை எட்டிப் பார்த்தது. விசிலின் சுத்தம் முன்பக்கத்தோடு நின்றுவிடும்; தொட்டிக்குப் பின்னால் அவர் குனிந்து பார்த்ததே இல்லை. செடி தொட்டிக்கு மேலே தலை நீட்டியபோது பூத்தேவிட்டது. அதே நாள் பார்த்து முதலாளி வந்தார்.

"அட, பிரமாதமா இருக்கே! யாருய்யா வெச்சது?"

பாராட்டு என்றால் விசிலின் நாக்கு முந்திக்கொள்ளும். "நான்தான் சார்." அது நூல் வெட்டுகிற மேஜை வரைக்கும் கேட்டது.

"நல்லா பாத்துக்க. நான் வர்றப்பெல்லாம் பூ இருக்கணும்."

மத்தியான மணி அடித்தது. கால் கடுக்க நின்றிருந்த காஜாக்காரி டிபன் பாக்ஸை எடுத்தாள். மெஷின் சந்துக்குப் போகவில்லை. நேராக விசில் அறை ஜன்னலுக்குக் கீழே போய், செடிகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் நாத்தனார் வந்தாள். பிறகு மொத்த லைனும் வந்தது.

விசில் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க? எந்திரிங்க!"

"நீங்க வெச்ச பூ சார். பாக்காம சாப்பிட்டா உங்களுக்கு மரியாதை இல்லையே" என்றாள் காஜாக்காரி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவர் விசிலை வாயில் வைத்தார். முதலாளியின் கார் இன்னும் கம்பெனி வாசலில்தான் நின்றிருந்தது. ஊதவில்லை.

அவள் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"அந்த ஓரத்துச் செடி வாடுது பாருங்க. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க சார்."