தோல் உரித்த கணவாய்

குன்னூர் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கும் ஹாஜிராவுக்குக் கை சும்மா இருக்காது. மலையில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். அதனால் கணவாய் மீனைக் கண்டாலே உப்புப் போட்டுத் தேய்த்து மேல்தோலை எடுத்துவிடுவாள். இருபது வருஷப் பழக்கம்.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து அவள் தம்பி முபீன் அன்று அனுப்பிய பெட்டி விற்பனைக்கு அல்ல, சோதனைக்கு. அங்கே முபீனுடையது உட்பட ஐந்து சிறு படகுகள் வலையைத் தொடாமல், தூண்டிலில் மட்டும் கணவாய் பிடித்துப் பார்க்கின்றன. பெரிய ஓட்டல்கள் அதை விரும்பி வாங்கும் என்று தெரிந்தால், அந்தப் படகுகளுக்குத் தனி அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் முபீன் பழையபடி அடுத்தவன் விசைப்படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு ஊட்டியில் ஓர் ஓட்டலைப் பேசி முடித்துக் கொடுத்தவளே ஹாஜிராதான். அந்தப் பெருமை வேறு.

"பெட்டியை அப்படியே கொண்டுபோய்க் குடுத்துருங்க லாத்தா" என்று போனில் சொல்லியிருந்தான். கடலில் கிடப்பவனுக்கு மலைக்காரர் நாக்கைப் பற்றி என்ன தெரியும்? பெட்டியைத் திறந்தாள். உடம்பெல்லாம் செம்புள்ளியாக இருந்த கணவாய்களைப் பார்த்து முகம் சுளித்தாள். தம்பியின் மானம் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து வெளுத்து, ஐஸ் போட்டு, பஸ் ஏறினாள்.

ஓட்டல் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் சில்வஸ்டரும், சோதனையை நடத்தும் குழுவிலிருந்து வந்த கனகமணியும் காத்திருந்தார்கள். சில்வஸ்டர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கனகமணியிடம் சொன்னார்.

"ஏனுங்க மேடம், தூண்டில்ல புடிச்சதுன்னா மேல்தோல் புள்ளியோட முழுசா இருக்கோணுமுங்க. அதுக்குத்தான கூட வெலை? இது வலைக்குள்ள கெடந்து ஒரசித் தோலு போன சரக்குங்க."

கனகமணி ஹாஜிராவின் பக்கம் திரும்பினாள். "உங்க தம்பி வலைச் சரக்கை வாங்கி அனுப்பிட்டாருங்களா?"

நான்தான் தேய்த்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருஷம் மீன் விற்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று இந்த மனுஷன் சிரிப்பாரே! வாராவாரம் என் கடையிலிருந்து இங்கே வருகிற மீனும் நின்றுபோகுமே!

"எனக்கென்னங்க தெரியும்? வந்ததைக் கொண்டாந்தேன்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

இரண்டாம் நாள் முபீன் கூப்பிட்டான். சோதனையிலிருந்து அவன் படகை நீக்கிவிட்டார்கள். மற்ற நான்கு படகுக்காரர்களும் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"பெட்டியில வச்சது அத்தனையும் என் தூண்டில்ல ஏறினது லாத்தா. அல்லா அறிய சொல்றேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"உன்னை நம்பாம யாரை நம்பப்போறேன், தம்பி" என்றாள் ஹாஜிரா.

"அது போதும் லாத்தா" என்று அவன் அழுதான். அவள் ஆறுதல் சொன்னாள்.