பச்சைப் பாதம்

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை யூஃபென் மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்தாள். அடியில் வந்து சேரும் வெந்நீர்க் குழாய் கையைச் சுட்டது. அதற்கு மேலே பன்னிரண்டு இரும்பு மடிப்புகளும் ஜில்லென்று கிடந்தன. வெளியே ஹார்பின் நகரம் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரியில் உறைந்து நின்றது. மணி பத்தரை. பன்னிரண்டு மணிக்குக் குவாங்சோவிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

வெறும் விருந்தென்றால் பரவாயில்லை. மாப்பிள்ளைப் பையனின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள்: அந்தக் குளிரில் என் பிள்ளை இருக்க மாட்டான், கல்யாணம் முடிந்ததும் பெண் தெற்கே வந்துவிடட்டும். யூஃபென் விடவில்லை. "வெளியிலதான் சம்பந்தி குளிரு. வீட்டுக்குள்ள நாங்க பனியனோட உக்காந்து ஐஸ்கிரீம் திங்கறோம். வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அளந்துவிட்டிருந்தாள். ஒரே மகள். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்குப் பார்க்கலாம், அதுவும் டிக்கெட் கிடைத்தால்.

கணவர் பாவ்ஷான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரேடியேட்டரை ஆராய்ந்தார். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் எது கெட்டாலும் முதலில் கருத்துச் சொல்வார்.

"காத்து அடைச்சிருக்கு. கீழ எவனோ தண்ணிய உருவறான். மேல் மாடி நமக்குக் காத்துதான் மிச்சம்."

"அப்ப காத்தத் தொறந்து விடேன்யா, கிழவா!"

"திருகு சாவியக் காணோமே."

எவனோ என்ன எவனோ, நேர் கீழே ஆறாம் மாடி மெய்ஷுன்தான் என்று யூஃபென் தீர்மானித்தாள். ரேடியேட்டரிலிருந்து ஓசி வெந்நீர் பிடித்துத் தரை துடைப்பவர்கள் எல்லாக் குளிர்காலத்திலும் உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான் இந்த வருஷம் வெந்நீர் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் தண்ணீரில், தோலில் ஒட்டினால் லேசில் போகாத பச்சைச் சாயம் கலந்து, கீழே வாசலில் நோட்டீசும் ஒட்டியிருந்தார்கள். விடுவிடுவென்று இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏம்மா மெய்ஷுன், தரை தொடைக்க ஊரான் தண்ணிதான் கெடச்சுதா?"

மெய்ஷுன் உள்ளே போய் வாளியைத் தூக்கிவந்து காட்டினாள். அழுக்குத் தண்ணீர், பச்சை இல்லை. "வேணும்னா என் கையையும் பாருங்கக்கா. காலையும் காட்டட்டுமா?"

யூஃபென் முகத்தில் அசடு வழிந்தது. "சம்பந்தி வர்றாங்கடி. வீடு ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். மெய்ஷுன் தன் திருகு சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

காற்றோடு வரும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. பாவ்ஷான் தினமும் கால் ஊறவைக்கும் பேசின் மூலையில் இருந்தது. அதை எடுத்த மெய்ஷுன் அப்படியே நின்றாள். உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு பச்சை வளையம்.

ஒரு வாரமாக அவர் காலுக்கு வெந்நீர் வைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை என்பது யூஃபெனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாக்ஸக் கழட்டு."

"குளிருதும்மா."

"கழட்டுய்யா!"

கணுக்கால் வரை இரண்டு பாதமும் வெள்ளரிக்காய் போலிருந்தன. "கேஸ் மிச்சமாகுமேன்னு பாத்தேன்" என்று முனகியபடி பாவ்ஷான் கால்சட்டைப் பையிலிருந்து, காணாமல் போன சாவியை எடுத்து நீட்டினார். மெய்ஷுன் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவியை வெடுக்கென்று பிடுங்கி யூஃபெனே திருகினாள். உஸ்ஸென்று வெகுநேரம் காற்று சீறியது. பிறகு பச்சைத் தண்ணீர் துப்பியது. முதல் மடிப்பு லேசாகச் சூடேறத் தொடங்கியபோது அழைப்பு மணி அடித்தது. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

மெத்தையைச் சுற்றிக்கொண்டதுபோல் கோட்டணிந்த சம்பந்தியம்மாள் காலணியைக் கழற்றினாள். அறையின் குளிரை முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. அப்புறம் அவள் பார்வை பாவ்ஷானின் பாதத்தில் போய் நின்றது.

"என்ன சம்பந்தி இது?"

"மூலிகைங்க" என்றார் அவர் கண்ணிமைக்காமல். "எங்க ஊரு வைத்தியம். குளிரு கிட்டயே வராது."

"அதான் வெறுங்காலோட நிக்கறீங்களா!" அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "எனக்கு இந்த முழங்கால்வலி பத்து வருஷமா இருக்கு. கொஞ்சம் எனக்கும் வைங்களேன்."

மெய்ஷுன் இருமிக்கொண்டே கீழே ஓடினாள். யூஃபென் கணவரைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். சாவி இன்னும் அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. ரேடியேட்டரின் இரண்டாவது மடிப்பு டிக்கென்றது. அதன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்த சம்பந்தியம்மாள், பச்சைப் பாதங்களிலிருந்து கண்ணெடுக்காமல், கோட்டின் முதல் பித்தானைக் கழற்றினாள்.