டீச்சருக்குப் பிடித்த எண்

சவாயி தீவுப் பள்ளியில் ஃபியாசிலி டீச்சர் பதினோரு வருடமாக இதே பரிசோதனையைத்தான் நடத்துகிறாள். பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சமையல் சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டிச் சோடாவைக் கொட்டினால் நுரைத்துக்கொண்டு பலூன் உப்பும். வாயு வெளியே போகாததால் முன்னும் பின்னும் எடை ஒன்றுதான். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, அப்புறம் என்ன?

அன்றும் எல்லாரும் சமம் என்றே எழுதினார்கள். லாங்கி என்ற பெண் மட்டும் ஒரு கிராம் குறைகிறது என்றாள்.

"ஒழுங்கா மாட்டியிருக்க மாட்ட. கசிஞ்சிருக்கும்."

"சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன் டீச்சர். ஒரு குமிழிகூட வரல."

"தடவுனதும் பொய், இந்த எண்ணும் பொய்! எடையே போடாம கதை விடுறியா? நாளைக்கு உங்கப்பாவோட வா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தாள், பாவி.

பிள்ளைகள் போனபின் மனசு கேட்காமல் அவளே செய்து பார்த்தாள். மூன்று தடவையும் ஒரு கிராம் குறைந்தது. பலூன் இல்லாமல் கெட்டியான பாட்டிலில் இறுக்கி மூடிச் செய்தபோது மட்டும் இம்மி குறையவில்லை. அப்போதுதான் உறைத்தது. கடலில் இறங்கினால் உடம்பு லேசாகிறதே, அதுபோல உப்பிய பலூனைச் சுற்றியிருக்கும் காற்று தூக்குகிறது. உண்மையில் எடை போட்டவள் லாங்கி ஒருத்திதான். மற்றவர்கள் டீச்சருக்குப் பிடித்த எண்ணை எழுதியவர்கள். அவர்களைத்தான் இத்தனை வருடம் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வகுப்பு தொடங்கும்போது லாங்கியின் அப்பா இயோசெஃபோ வந்தார். வீட்டின் உயர்ந்த தாழம்பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு வாசலில் குனிந்து உட்கார்ந்தார். தீவில் மன்னிப்புக் கேட்கும் முறை அது; பிழை பொறுத்தவர் பாயை விலக்கினால்தான் அவர் எழுந்திருக்கலாம்.

"பொய் சொல்ற புள்ளைய வளத்துட்டேன் டீச்சர். ஈர்க்குமாறு பிஞ்சு போற வரைக்கும் அடிச்சிட்டேன். நீங்க மன்னிக்கணும்."

ஃபியாசிலி பாயின் அருகே போனாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். ஈ காக்கைக்குக்கூடத் தெரியப்போவதில்லை.

பாயை விலக்கினாள். "எந்திரிங்கண்ணே. அவ சொன்னது நிஜம். தப்பு என்னோடது."

அந்தப் பாயையே வாங்கிக்கொண்டுபோய், வகுப்பே பார்த்திருக்க, லாங்கியின் பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தன் தலையில் போர்த்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துப் பாய் விலகியது. விலக்கிய கையில் முழங்கைவரை சிவந்த தடிப்புகள். மன்னித்தேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. சொல் என்று கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை.